கறுப்புத் திரையில் சில கட்டளைகள்

சென்ற கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் மாலை, அஜ்னி ரயில்வே குடியிருப்பில் எங்களுக்கு அடுத்த வீட்டில் வசிக்கும் அக்கா, ஒரு காகிதப் பொட்டலத்தைக் கையில் பொத்திக்கொண்டு வந்தார். பிரித்துப் பார்த்தேன். உள்ளே, கட்டைவிரல் நகம் அளவே உள்ள ஒரு நினைவு அட்டை இருந்தது.

"தம்பி, இதைச் செல்பேசியில் போட்டால், 'அட்டை பழுதடைந்துவிட்டது, பார்மட் செய்யவா?' என்று கேட்கிறது. கடைத்தெருவில் ஒரு கடையில் காட்டினேன். பார்மட் செய்தால் அட்டை சரியாகிவிடும், உள்ளே இருப்பவை மட்டும் போய்விடும் என்கிறார்கள். அட்டை யாருக்கு வேண்டும்? அம்மாவின் குரல் இதில்தான் இருக்கிறது. வேறெங்கும் இல்லை" என்றார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் கோடை விடுமுறையில் சாத்தூருக்குச் சென்றிருந்தபோது, தம் தாயாரைத் திண்ணையில் உட்காரவைத்து, தாலாட்டும், உறவுமுறைக் கதைகளும், எலுமிச்சை ஊறுகாய் போடும் பக்குவமும் சொல்லச் சொல்லி அவர் பதிவு செய்திருந்தார். அந்தத் தாயார் ஐப்பசி மாதத்தில் காலமானார். காரியங்கள் முடிந்து நாகபுரிக்குத் திரும்பிய பிறகு, ஒரு நாள் அந்தக் குரலைக் கேட்கலாம் என்று எடுத்தபோதுதான் அட்டை இவ்வாறு கைவிட்டது.

அந்த அட்டை என்ன ஆயிற்று என்பதைப் பின்னர் கூறுகிறேன். அதற்குமுன் நேயர்கள் அறிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் சில உள்ளன. ஊரை விட்டு வந்து வாழும் குடும்பங்களின் பொக்கிஷம் முன்பெல்லாம் தகரப் பெட்டியில் இருந்தது. பழைய கடிதங்கள், கல்யாணப் புகைப்படங்கள், ஜாதகங்கள் ஆகியவை அதில் அடங்கின. இன்று அவை யாவும் நினைவு அட்டையிலும், பென்டிரைவிலும், ஹார்ட் டிஸ்கிலும் அடங்கிவிட்டன. தகரப் பெட்டி பழுதானால் கொல்லன் இருந்தான். இவை பழுதானால் என்ன செய்வது என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். நான் பொறியியல் கற்றவன் அல்லன். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திவிட்டு ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன். எனவே, நான் கற்றுக்கொண்டதை எவரும் கற்றுக்கொள்ள இயலும் என்பதில் ஐயமில்லை.

கறுப்புத் திரையின் வரலாறு

கணினியில் படங்களைத் தொட்டு வேலை செய்வது ஒரு வழி. கறுப்புத் திரையைத் திறந்து, கட்டளைச் சொற்களைத் தட்டச்சு செய்து வேலை வாங்குவது மற்றொரு வழி. இரண்டாவதே மூத்தது. 1969ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி என்னும் இருவரும் அவர்களுடைய தோழர்களும் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். அக்காலத்தில் கணினியோடு பேசுவதற்கு டெலிபிரிண்டர் போன்ற தட்டச்சுப் பொறியே கருவி. அதில் ஒவ்வோர் எழுத்தும் மெதுவாகவே அச்சாகும். ஆகவே கட்டளைகளின் பெயர்களை இரண்டு மூன்று எழுத்துக்களாகச் சுருக்கிவிட்டனர். அப்பழக்கம் இன்றுவரை நீடிக்கிறது.

1991ஆம் ஆண்டில், பின்லாந்து நாட்டின் ஹெல்சின்கி பல்கலைக் கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், யூனிக்ஸின் போக்கைப் பின்பற்றி லினக்ஸ் என்னும் கருநிரலை எழுதி எல்லோருக்கும் அளித்தார். நம் நாட்டில் ஸி-டாக் நிறுவனம் அதனை அடிப்படையாகக் கொண்டு 'பாஸ்' என்னும் இயங்குதளத்தை 2007இல் வெளியிட்டது. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் மூலம் அது பல பிள்ளைகளின் வீடுகளை எட்டியது. என் தங்கைக்குப் பள்ளியில் கிடைத்த அத்தகைய மடிக்கணினி ஒன்று, அவள் திருமணமாகிச் சென்றபின் என்னிடம் வந்து சேர்ந்தது. நான் கட்டளை பயின்றதெல்லாம் அதில்தான்.

படத்திரை இருக்கும்போது கறுப்புத் திரை எதற்கு என்று கேட்கலாம். சாதனம் நல்ல நிலையில் இருக்கும்வரை படத்திரையே போதும். அது பழுதாகும்போது, படத்திரை 'பார்மட் செய்யவா?' என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடும். கறுப்புத் திரையோ, சாதனம் கண்ணுக்குத் தெரிகிறதா, எந்த இடத்தில் படிக்க முடியவில்லை, எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பனவற்றை ஒவ்வொன்றாகக் கூறும்.

கிடங்கும் பேரேடும்

நினைவு அட்டையைச் சரக்குக் கிடங்காகக் கருதுவோம். கிடங்கு முழுவதும் ஒரே அளவுள்ள அறைகளாக வகுக்கப்பட்டு, ஒவ்வோர் அறைக்கும் எண் இடப்பட்டிருக்கிறது. கிடங்கின் வாயிலில் ஒரு பேரேடு உண்டு. 'இந்தப் புகைப்படம் இத்தனையாம் எண் அறை முதல் இத்தனையாம் எண் அறை வரை உள்ளது' என்று அதில் குறித்திருக்கும். இப்பேரேட்டை எழுதும் முறைக்குத்தான் கோப்பு முறைமை என்று பெயர்.

பேரேட்டு முறைகள் பல. 32 கிகாபைட் வரையுள்ள அட்டைகள் பெரும்பாலும் பேட்32 என்னும் முறையில் வருகின்றன. 1996இல் வந்த இம்முறையில் 4 கிகாபைட்டை எட்டும் தனிக் கோப்பை வைக்க இயலாது. கல்யாண வீடியோவைப் பென்டிரைவில் நகல் எடுக்கும்போது இடம் இருந்தும் மறுக்கிறதே என்று திகைப்பவர்கள் இக்காரணத்தை நினைவில் கொள்க. பெரிய அட்டைகளுக்கு எக்ஸ்பேட், விண்டோஸ் கணினிகளுக்கு என்டிஎப்எஸ், லினக்ஸுக்கு 2008 முதல் இஎக்ஸ்டி4 என்பவை வழக்கில் உள்ளன.

இங்கு முக்கியமாகக் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. ஒரு கோப்பை அழிக்கும்போது, கிடங்கிலுள்ள சரக்கை யாரும் வெளியே எடுத்து எறிவதில்லை. பேரேட்டில் அந்த வரியை அடித்துவிட்டு, 'இவ்வறைகள் காலி' என்று எழுதுவதோடு சரி. விரைவு பார்மட் என்பதும் பழைய பேரேட்டைத் தள்ளிவிட்டுப் புதிய பேரேட்டைத் திறப்பதே. சரக்கு அறைகளிலேயே கிடக்கும், அடுத்த சரக்கு அதன்மேல் வந்து இறங்கும் வரையில். ஆதலால் அழிந்ததாகத் தோன்றும் கோப்புக்கு முதல் பகை, அதன்பின் நாம் எழுதும் புதிய கோப்பே ஆகும். இவ்விதிக்கு விலக்கும் உண்டு. இக்காலத்து எஸ்எஸ்டி சாதனங்கள், காலியென்று குறித்த அறைகளைத் தாமாகவே துடைத்துவிடக் கூடும். அவற்றில் அழித்ததை மீட்பது அரிது.

முதலில் பார்க்கும் கட்டளைகள்

கட்டளைகளை ஆங்கில எழுத்துக்களில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். இங்கே அவற்றை உச்சரிப்பின்படி தமிழில் தருகிறேன்.

எந்தச் சாதனத்தைச் செருகினாலும் நான் முதலில் தட்டுவது 'எல்எஸ்பிஎல்கே' என்னும் ஐந்தெழுத்துக் கட்டளை. அது கணினியோடு இணைந்துள்ள சேமிப்புச் சாதனங்களை எல்லாம் வரிசையாகக் காட்டும். முதல் டிஸ்குக்கு எஸ்டிஏ, அடுத்ததற்கு எஸ்டிபி, அதற்கடுத்ததற்கு எஸ்டிசி என்று பெயர். பக்கத்திலேயே கொள்ளளவும் தெரியும். இக்கட்டளை பார்ப்பதோடு சரி, எதனையும் மாற்றாது. ஆகவே எத்தனை முறை வேண்டுமாயினும் அஞ்சாமல் தட்டலாம்.

இரண்டாவது 'மவுண்ட்'. கிடங்கைத் திறந்து பேரேட்டைக் கணினியின் முன் விரிப்பது இதன் வேலை. இதனோடு 'ஆர்ஓ' என்று சேர்த்தால் படிக்க மட்டும் திறக்கும். பொதுவாக எதையும் எழுதாது. சந்தேகத்துக்குரிய சாதனத்தை இவ்வாறே திறத்தல் வேண்டும்.

இதற்கு எதிரானது 'உமவுண்ட்'. அன்மவுண்ட் என்று முழுமையாகத் தட்டினால் கணினி ஏற்றுக்கொள்ளாது. நடுவிலுள்ள 'என்' எழுத்தைப் பழைய யூனிக்ஸ்காரர்கள் விட்டுவிட்டனர். சாதனத்தைப் பிடுங்குமுன் இக்கட்டளையை இட வேண்டிய காரணம் என்னவெனில், நாம் நகல் எடுத்தது முடிந்துவிட்டதாகத் திரை காட்டினாலும், கணினி அதில் ஒரு பகுதியைத் தன் நினைவிலேயே வைத்துக்கொண்டு சாவகாசமாக எழுதிக்கொண்டிருக்கும். அச்சமயத்தில் பென்டிரைவைப் பிடுங்கினால், பேரேடு பாதி எழுதிய நிலையில் நின்றுபோகும். 'உமவுண்ட்' இட்டதும் பாக்கியை எழுதி முடித்துக் கணக்கை மூடிவிடும். நாம் காணும் பழுதுகளில் பல, இந்த ஒரு நிமிஷப் பொறுமை இல்லாததால் நேர்பவை.

நான்காவதும் ஐந்தாவதும் 'டிஎப்', 'டியு' என்பவை. முன்னது, சாதனத்தில் மொத்தம் எவ்வளவு, நிறைந்தது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று கூறும். பின்னது, எந்த அடைவு எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று கூறும். இரண்டிலும் 'ஹெச்' எழுத்தைச் சேர்த்தால் எண்கள் படிக்க எளிதாக வரும். இடமில்லை என்று கணினி முறையிடும்போது, குழந்தையின் படங்களை அழிக்கத் தொடங்குமுன் 'டியு' இட்டுப் பாருங்கள். இருமுறை இறக்கிய சினிமாவும், வாழ்த்து வீடியோக்களுமே இடத்தை விழுங்கியிருப்பதைக் காண்பீர்கள்.

கொள்ளளவைப் பற்றிப் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. '64 கிகாபைட் என்று அச்சிட்ட பென்டிரைவில் 59.6 என்றுதான் காட்டுகிறது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?' என்பது அது. ஏமாற்று ஏதுமில்லை. தயாரிப்பவர் 1 கிகாபைட்டுக்கு 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார். கணினியோ 1024ஐ மும்முறை பெருக்கிவந்த 107,37,41,824 பைட்டையே ஓர் அலகாகக் கொள்கிறது. படியின் அளவு மாறியதால் எண்ணிக்கை குறைகிறது, நெல் குறையவில்லை.

உண்மையான ஏமாற்றும் சந்தையில் உண்டு. மலிவு விலைக்கு '1 டெராபைட்' என்று விற்கும் பென்டிரைவுகள் சிலவற்றில், உள்ளே சிறிய சில்லை வைத்துவிட்டு, கணினியிடம் மட்டும் பெரிய எண்ணைச் சொல்லும்படி செய்திருப்பார்கள். 'எல்எஸ்பிஎல்கே' கட்டளையும் அந்தப் பொய்யையே நம்பி 1 டெராபைட் என்று காட்டும். புதுச் சாதனம் வாங்கியவுடன், அதில் எதையும் வைக்குமுன், 'எப்3ரைட்' என்னும் கருவியால் முழுவதும் நிரப்பி, 'எப்3ரீட்' என்பதால் திரும்பப் படித்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

நான் செய்த பிழை

இதுவரை கூறியவை யாவும் பார்க்கும் கட்டளைகள். எழுதும் கட்டளைகளுக்கு வரும்போது என் சொந்தப் பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

யூனிக்ஸின் தொடக்க ஆண்டுகளிலிருந்தே 'டிடி' என்றொரு கட்டளை இருந்துவருகிறது. ஓரிடத்தில் உள்ளதை அப்படியே, அறை அறையாக, மற்றோரிடத்தில் எழுதுவது அதன் தொழில். 'ஐஎப்' என்பதற்குப்பின் எங்கிருந்து என்பதையும், 'ஓஎப்' என்பதற்குப்பின் எங்கே என்பதையும் கொடுக்க வேண்டும். அது 'நிச்சயமா?' என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை.

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, இரவுப் பணி முடிந்து வந்த களைப்போடு, ஒரு சிறு பென்டிரைவில் லினக்ஸ் இயங்குதளத்தை எழுத உட்கார்ந்தேன். முந்தின நாள் அந்தப் பென்டிரைவின் பெயர் எஸ்டிபி. அன்றும் அதுதானே என்று நம்பி, 'எல்எஸ்பிஎல்கே' இடாமலே, 'டிடி'க்கு எஸ்டிபி என்று கட்டளை கொடுத்துவிட்டேன். ஆனால் அன்று 500 கிகாபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்றை முன்னரே செருகியிருந்தேன். இப்பெயர்கள் பெரும்பாலும் செருகிய வரிசைப்படி வருபவை; நிலையானவை அல்ல. அன்றைக்கு எஸ்டிபி என்பது அந்த ஹார்ட் டிஸ்க். அதில்தான் என் மகளின் முதல் இரண்டு ஆண்டுப் படங்களும், அவளுடைய காதுகுத்துக்காக நாகபுரி வந்திருந்த என் தந்தை அவளை மடியில் வைத்துக் கதை சொல்லிய நான்கு நிமிஷ வீடியோவும் இருந்தன. என் தந்தை அதற்கு அடுத்த ஆண்டு மறைந்தார்.

எழுதிய இயங்குதளத்தின் அளவு சுமார் 2 கிகாபைட். டிஸ்கின் முகப்பிலிருந்த பேரேடு போய்விட்டது. டிஸ்கைத் திறந்தால் பழைய கோப்பு ஒன்றுமே தெரியவில்லை. வீட்டில் எப்படிச் சொல்வது என்று எனக்குக் கை நடுங்கியது. எல்லாம் அழிந்துவிட்டது என்றே முடிவு செய்து, அன்றிரவே டிஸ்கைப் புதிதாகப் பார்மட் செய்தேன். சும்மா கிடக்க வேண்டாமே என்று, மறுநாள் ஒரு நண்பரிடமிருந்து சினிமாக்களும் பாட்டுகளுமாக 400 கிகாபைட்டுக்கு மேல் அதில் நிரப்பினேன்.

பல மாதங்களுக்குப் பிறகே எனக்கு உண்மை விளங்கியது. நான் முதலில் செய்த பிழையால் போனவை பேரேடும் முதல் 2 கிகாபைட்டும் மட்டுமே. மற்றவை அன்றிரவு டிஸ்கிலேயே இருந்தன. பேரேடு இல்லாமலே அறை அறையாகத் தேடிக் கோப்புகளை மீட்கும் கருவிகள் அப்போதே இருந்தன, செலவில்லாமல் கிடைத்தன. என் தந்தையின் முகத்தின்மேல் சினிமாவை எழுதியது, பதற்றத்தில் நான் செய்த இரண்டாவது பிழை. பின்னர் அந்தக் கருவிகளைக்கொண்டு தேடியபோது, மகளின் படங்களில் நூற்றுக்கும் குறைவானவை கிடைத்தன. அந்த நான்கு நிமிஷம் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து, எழுதும் கட்டளை எதையும் இடுமுன் மூன்று காரியங்கள் செய்கிறேன். 'எல்எஸ்பிஎல்கே' இட்டுச் சாதனத்தின் பெயரைப் பார்க்கிறேன். பெயரோடு நில்லாமல் கொள்ளளவையும் ஒப்பிடுகிறேன். தேவையில்லாத சாதனங்களைக் கணினியிலிருந்து கழற்றி மேஜையின் மறுபுறம் வைத்துவிடுகிறேன். சரக்கு வண்டிக்குச் சீட்டு ஒட்டுமுன் வண்டி எண்ணை இருமுறை படிப்பது நம் தொழிலில் பழக்கமாயிற்றே. அதனை வீட்டில் மறந்ததற்கு நான் கொடுத்த விலை அது.

விண்டோஸ் கணினி வைத்திருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அதிலும் கறுப்புத் திரை உண்டு. அங்கே 'டிஸ்க்பார்ட்' என்னும் கருவியில் 'கிளீன்' என்று இட்டால், தேர்ந்தெடுத்த டிஸ்கின் பிரிவினைப் பட்டியலை மறுபேச்சின்றித் துடைத்துவிடும்.

அக்காவின் அட்டை

இனி, கார்த்திகை மாதத்து அட்டைக்கு வருவோம். அக்காவிடம் நான் முதலில் சொன்னது, "இதைத் திரும்பச் செல்பேசியில் போட வேண்டாம். ஒரு படம்கூட இதில் எடுக்க வேண்டாம்" என்பதே.

சிறு அட்டைகளைச் செருகும் பெரிய உறையின் பக்கவாட்டில் ஒரு சிறு தாழ்ப்பாள் உண்டு. அதைக் கீழே தள்ளினால், எழுதக்கூடாது என்று கணினிக்கு அறிவிக்கும். அவ்வாறு தள்ளிவிட்டு அட்டையைச் செருகினேன். 'எல்எஸ்பிஎல்கே' இட்டதும் 29.7 கிகாபைட் என்று ஒரு சாதனம் தெரிந்தது. 32 என்று அச்சிட்ட அட்டைக்கு அது சரியான கணக்கே. சாதனம் தெரிகிறது என்றால் பாதி நம்பிக்கை உண்டு. அதுவே தெரியாமலிருந்தால் எந்தக் கட்டளையும் பயன்படாது. மீட்பு நிபுணர்களிடம்தான் கொண்டுபோக வேண்டும்.

அடுத்து, பழுதைச் சரிசெய்யும் 'எப்எஸ்சிகே' கட்டளையை நேராக இட நான் துணியவில்லை. விண்டோஸில் 'செக்டிஸ்க்' என்பதும் அதற்கு இணையானதே. இவை பேரேட்டைத் திருத்தி எழுதுபவை. திருத்தும்போது, கணக்கில் ஒட்டாத கோப்புகளைத் துண்டு துண்டாக்கி வேறு பெயரில் போட்டுவிடுவதும் உண்டு. இக்கட்டளையை நகலில்தான் பிரயோகிக்க வேண்டும். 'என்' எழுத்தைச் சேர்த்தால் திருத்தாமல் குறைகளை மட்டும் சொல்லும் வசதியும் அதில் உண்டு.

ஆகவே முதல் வேலை நகல் எடுப்பது. 'டிஎப்' இட்டு என் மடிக்கணினியில் அட்டையின் அளவுக்கு இடம் உண்டா என்று பார்த்துக்கொண்டேன். பின்னர் 'டிடிரெஸ்க்யூ' என்னும் கருவியை ஓட்டினேன். இது 'டிடி'யின் வேலையையே செய்வது; ஆனால் பழுதான சாதனங்களுக்கென்றே எழுதப்பட்டது. படிக்க முடியாத அறை வந்தால் அங்கேயே முட்டிக்கொண்டு நில்லாமல், அதனைத் தாண்டிச் சென்று, நல்ல பகுதிகளை எல்லாம் முதலில் காப்பாற்றும். விட்டுப்போன இடங்களை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டு, பிறகு அவற்றுக்குத் திரும்பி வரும். நடுவில் மின்சாரம் போனாலும், அவ்வரைபடத்தைப் பார்த்து, விட்ட இடத்திலிருந்தே தொடரும்.

இரவு எட்டரை மணிக்குத் தொடங்கிய வேலை, நள்ளிரவுக்குள் அட்டையின் பெரும்பகுதியைப் படித்துவிட்டது. எஞ்சிய சிறு பகுதிக்காக விடியும்வரை மல்லாடியது. காலையில் பார்த்தபோது சில மெகாபைட் மட்டுமே படிக்க இயலாமல் நின்றிருந்தது. அட்டையைக் கழற்றிப் பொட்டலத்தில் மடித்து வைத்தேன். இனி அதற்கு வேலையில்லை. நடப்பதெல்லாம் நகலில்தான்.

நகலைத் திறந்தால் பேரேடு சிதைந்திருந்தது. எனவே 'போட்டோரெக்' என்னும் கருவியை அதன்மேல் ஓட்டினேன். பெயரைப் பார்த்துப் படங்களுக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். ஒலி, வீடியோ, ஆவணம் எல்லாவற்றையும் தேடும். ஒவ்வொரு வகைக் கோப்பும் தொடங்கும்போது அதற்கே உரிய சில குறியீடுகள் இருக்கும். அக்குறியீடுகளைக் கொண்டு, பேரேட்டின் துணையில்லாமலே கோப்பின் தலையைக் கண்டுபிடித்து எடுத்துவிடும். கோப்புகளின் பழைய பெயர்கள் மட்டும் திரும்ப வாரா. எண்களே பெயர்களாக இருக்கும்.

ஆயிரத்துக்கு மேற்பட்ட கோப்புகள் வந்தன. ஒலிக்கோப்புகளைத் தனியே பிரித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவையும் அவர் கணவரையும் அழைத்து, ஒவ்வொன்றாக ஓட்டினேன். முதல் சில, விளம்பர ஓசைகள். ஏழாவது கோப்பில், தாம்புக் கயிறு உராயும் சத்தமும், யாரோ ஒரு பிள்ளை இருமுவதும் கேட்டன. பிறகு ஒரு முதிய குரல், "என்னத்தைடி சொல்ல? எலுமிச்சங்காயை முதல்ல துடைக்கணும், ஈரம் இருக்கப்படாது" என்று தொடங்கியது. அக்கா ஒன்றும் பேசவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டேயிருந்தார்.

எல்லாம் கிடைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பதிவுகளில் ஐந்து பாதியில் நின்றுபோயின. தாலாட்டுகளில் ஒன்று இரண்டாம் அடியோடு அறுந்துவிட்டது. ஆயினும் ஊறுகாய்ப் பக்குவம் முழுமையாக இருந்தது. உறவுமுறைக் கதைகளும் ஏறத்தாழ முழுமையே.

இம்முறை எல்லா இடத்திலும் பலிக்காது என்பதையும் சொல்ல வேண்டும். 2015ஆம் ஆண்டில் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், அட்டையைச் செல்பேசியின் உள்நினைவாகவே சேர்த்துக்கொள்ளும் வசதி பல செல்பேசிகளில் உண்டு. அவ்வாறு சேர்த்த அட்டை பூட்டிய நிலையில் இருக்கும். சாவி அந்தச் செல்பேசியிடமே இருப்பதால் வேறு கணினியில் படிக்க இயலாது. அட்டையைத் தனிச் சேமிப்பாகவே வைத்திருப்பது நலம்.

மீட்பதைவிடக் காப்பது எளிது

ஓர் இரவு முழுவதும் விழித்து மீட்ட இப்பதிவுகளை, மே மாதத்திலேயே பத்து நிமிஷத்தில் மற்றோரிடத்தில் நகல் எடுத்து வைத்திருக்கலாம். அதற்கென்றே 'ஆர்சிங்க்' என்னும் அருமையான கட்டளை உண்டு. அது ஒரு அடைவை மற்றொரு சாதனத்தில் நகலெடுக்கும். அடுத்த முறை ஓட்டினால், புதிதாக வந்ததையும் மாறியதையும் மட்டுமே எடுக்கும். 'ஏ' எழுத்தைச் சேர்த்தால் கோப்பின் தேதி முதலியன மாறாமல் வரும். 'என்' எழுத்தைச் சேர்த்தால், எதையும் செய்யாமல், என்ன செய்யப்போகிறது என்பதை மட்டும் வரிசையாகக் காட்டும். இந்த ஒத்திகையைப் பார்த்து, எங்கிருந்து எங்கே போகிறது என்று உறுதி செய்துகொண்ட பின்னரே உண்மை வேலையைத் தொடங்குக.

ஹார்ட் டிஸ்க் வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு இருமுறையாவது 'ஸ்மார்ட்சிடிஎல்' என்னும் கட்டளையால் அதன் உடல்நிலையைப் பார்த்துக்கொள்வது நன்று. பழுதான அறைகளுக்குப் பதிலாக மாற்று அறைகளை எவ்வளவு எடுத்திருக்கிறது என்ற கணக்கு அதில் தெரியும். அந்த எண் ஏறிக்கொண்டே போனால், டிஸ்க் விடைபெறும் நாள் நெருங்குகிறது என்று கொண்டு, உடனே நகலெடுத்துவிட வேண்டும்.

நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு ஒரு வசதி இயல்பாகவே அமைந்திருக்கிறது. நமக்கு இங்கே ஒரு வீடும் ஊரில் ஒரு வீடும் உண்டு. ஒரு நகல் இங்கே நம் அலமாரியில் இருக்கட்டும். மற்றொன்று ஊரில் அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ இருக்கட்டும். விடுமுறைக்குப் போகும்போது ஒரு ஹார்ட் டிஸ்கைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போய், அங்குள்ளதைப் புதுப்பித்துவிட்டு வரலாம். தீயோ, திருட்டோ, வெள்ளமோ இரண்டு வீட்டையும் ஒரே நாளில் தீண்டுவதில்லை. எடுத்த நகலைத் திறந்து பார்த்து, படமும் குரலும் உண்மையிலேயே வருகின்றனவா என்று சோதிப்பதையும் மறத்தல் கூடாது.

பதறாத காரியம் சிதறாது என்று நம் பெரியோர் சொல்லிவைத்தார்கள். திரை 'பார்மட் செய்யவா?' என்று கேட்கும்போது, 'வேண்டாம்' என்று அழுத்திவிட்டு, சாதனத்தைக் கழற்றி ஓரிடத்தில் பத்திரமாக வையுங்கள். அதற்குமேல் அதில் ஒன்றும் எழுதாமலிருந்தால், அடுத்த நாளோ அடுத்த வாரமோ தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு பார்த்துக்கொள்ளலாம். அவசரம் ஒன்றும் இல்லை.

அக்கா இப்பொழுது அப்பதிவுகளை இரண்டு பென்டிரைவுகளில் வைத்திருக்கிறார். தைப் பொங்கலுக்கு ஊருக்குச் சென்ற அவர் கணவர், ஒன்றைச் சாத்தூரில் மைத்துனர் வீட்டில் சேர்த்துவிட்டு வந்தார். சென்ற வாரம் எங்கள் வீட்டுக்கு ஒரு சாடி எலுமிச்சை ஊறுகாய் வந்தது. ஈரம் படாமல் துடைத்துப் போட்டது என்று சொல்லி அனுப்பியிருந்தார்.